கடல்நீர் மீன்தொட்டி: பம்பி நின்றால் தண்ணீர் எங்கே போகும்?

காணியை விட்டு வெளிக்கிட்ட விவசாயியால் கிணற்றையும் வரம்பையும் தூக்கிக்கொண்டு வரமுடியாது. ஆனால் தண்ணீரைப் பற்றிய அறிவு அவருடன் கூடவே வந்துவிடுகின்றது. எந்த வாய்க்காலில் தண்ணீர் தேங்கும், எந்த இடத்தில் வரம்பு உடைக்கும், குளம் வான் பாய்ந்தால் முதலில் எது மூழ்கும் என்பவற்றை அவர் புத்தகத்தில் படிக்கவில்லை. இறைத்து இறைத்துத் தெரிந்துகொண்டார். கடற்கரையோரத்தில் சிறிய வளவொன்றில் தங்கியிருக்கும் குடும்பத்துக்கு இந்த அறிவு பயன்படக்கூடிய ஒரு தொழிலைப் பற்றியே இக்கட்டுரை பேசுகின்றது. அதுதான் கடல்நீர்த் தொட்டிகளில் அலங்கார மீன்களைப் பராமரித்தல்.

எமது நாட்டிலிருந்து அலங்கார மீன்கள் பல ஆண்டுகளாக வெளிநாடுகளுக்கு அனுப்பப்பட்டு வருகின்றன. நன்னீர் அலங்கார மீன்களிற் பல தொட்டிகளில் இனப்பெருக்கம் செய்யப்படுகின்றன. கடல் மீன்களோ பெரும்பாலும் கடலிற் பிடிக்கப்பட்டு, அனுப்பப்படும்வரை தொட்டிகளில் வைத்துப் பராமரிக்கப்படுகின்றன. கோமாளி மீன் போன்ற சில இனங்களைத் தொட்டியிலேயே குஞ்சு பொரிக்க வைக்கும் முறைகளும் உள்ளன. பாக்கு நீரிணைக்கு அப்பால், மண்டபத்திலுள்ள கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையமும் இதில் ஈடுபட்டு வந்துள்ளது. இங்கு கடலுயிரினங்களைப் பிடிக்கவும் விற்கவும் 1996 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கக் கடற்றொழில் சட்டத்தின் கீழ் விதிகள் உண்டு. சில இனங்களுக்கு முற்றான தடை உண்டு. உயிருள்ள பவளத்தை உடைத்து எடுப்பதும் சட்டவிரோதம். ஆகவே தொழிலாகத் தொடங்குவோர் கடற்றொழில் அலுவலகத்திலோ, 1998 ஆம் ஆண்டின் 53 ஆம் இலக்கச் சட்டத்தால் அமைக்கப்பட்டு ‘நெக்டா’ என்று அழைக்கப்படும் நீருயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகார சபையிலோ முதலில் விசாரித்து, உரிய அனுமதியைப் பெற்றுக்கொள்ள வேண்டும்.

மீனைப் பற்றிப் பேச வேண்டியவை நிறைய உண்டு. இங்கு நாம் எடுத்துக்கொள்வது ஒன்றே ஒன்று: தொட்டியில் தண்ணீர் எவ்வாறு சுற்றி வரவேண்டும் என்பது. தொட்டி வைத்தவர்களில் பலர் பம்பி ஓடும்போது எல்லாம் சரியாக இருக்கின்றதா என்று பார்ப்பார்கள். பம்பி நிற்கும் நேரத்தை நினைப்பதில்லை. நள்ளிரவில் மின்சாரம் போனதும் மேல்தொட்டித் தண்ணீர் நிலத்தில் ஓடும். காலையில் பார்த்தால் மீன் செத்துக் கிடக்கும். மீனை வாங்கப் பட்ட கடன் மட்டும் சாகாது. ஆகவே பம்பி வாங்குவதற்கு முன்னரே, ‘இது நின்றால் தண்ணீர் எங்கே போகும்?’ என்ற கேள்விக்கு விடை கண்டுவிட வேண்டும். அந்த விடை இயந்திரத்தில் இல்லை. உயரத்திலும் அளவிலுமே இருக்கின்றது.

இரண்டு தொட்டி, ஒரு வட்டம்

அமைப்பு மிக எளியது. மீன் இருக்கும் தொட்டி மேலே மேசையில் இருக்கும். அதற்குக் கீழே, நிலத்தில், இன்னொரு தொட்டி. மேல்தொட்டியின் ஒரு மூலையில் பற்கள் போன்ற வெட்டுக்களுடன் ஒரு விளிம்பு உண்டு. தண்ணீர் அந்த விளிம்பால் வழிந்து, ஒரு சிறு அறைக்குள் விழுந்து, வடிகுழாய் வழியாகக் கீழ்த்தொட்டிக்கு வரும். அங்கே கழிவு தங்கி, வடிகட்டப்பட்டு, கடைசி அறைக்கு வந்துசேரும். அந்த அறையிலுள்ள பம்பி அதை மீண்டும் மேலே தள்ளும். மேலே கொண்டுபோகும் குழாயை ‘மீள்குழாய்’ என்று அழைப்போம்.

குளத்தை நினைத்துப் பாருங்கள். மேல்தொட்டி குளம். பல்வெட்டுள்ள விளிம்பு அதன் வான். வடிகுழாய் வாய்க்கால். கீழ்த்தொட்டி வயல். வேறுபாடு இதுதான்: இங்கே வயலுக்கு வந்த தண்ணீர் மறுபடி குளத்துக்குப் போகின்றது.

தண்ணீரை அடியிலிருந்து எடுக்காமல் மேற்பரப்பிலிருந்து வழியவிடுவதற்குக் காரணம் உண்டு. தீனியின் எண்ணெயும் மீனின் கழிவும் மேற்பரப்பில் மெல்லிய படையாகப் படியும். அந்தப் படை காற்றிலுள்ள ஒட்சிசன் நீரில் கரைவதைத் தடுக்கும். எமது வெப்பத்தில் இது பாரதூரமானது. 28 பாகை செல்சியஸ் வெப்பநிலையில், நன்னீர் ஒரு லீற்றரில் ஏறத்தாழ 7.8 மில்லிகிராம் ஒட்சிசனைத் தாங்கும். கடல்நீர் தாங்குவது 6.4 அளவே. கடல் மீனுக்குத் தொடக்கத்திலேயே மூச்சு குறைவு. அதனாற்றான் நீரோட்டம் நின்றால் அது விரைவாகத் திணறுகின்றது.

எவ்வளவு தண்ணீர் ஓடவேண்டும்?

கணக்கை விளங்கிக்கொள்ள ஓர் உதாரணத் தொட்டியை எடுத்துக்கொள்வோம். நீளம் 120, அகலம் 45, உயரம் 50 சென்ரிமீற்றர். தண்ணீர் 45 சென்ரிமீற்றர் உயரத்துக்கு நிற்கின்றது. அப்படியானால் உள்ளே இருப்பது ஏறத்தாழ 243 லீற்றர். இத்தொட்டியில் தண்ணீர் 1 சென்ரிமீற்றர் ஏறினாலும் இறங்கினாலும் அது 5.4 லீற்றர். இந்த எண்ணை மனதில் வைத்திருங்கள்.

மேல்தொட்டியின் தண்ணீர் மணித்தியாலத்துக்கு 3 முதல் 5 தடவை கீழ்த்தொட்டி வழியாகச் சுற்றிவந்தால் போதும் என்பது பொதுவான வழக்கம். எமது உதாரணத்துக்கு மணிக்கு 1000 லீற்றர் என்று வைத்துக்கொள்வோம். பவளம் வளர்ப்பவர்களுக்கு இதைவிடப் பல மடங்கு ஓட்டம் தேவை. அதை அவர்கள் தொட்டிக்குள்ளேயே வேறு சிறு பம்பிகளை வைத்துப் பெறுவார்கள். மீன் மட்டும் வைப்பவர் பெரிய பம்பிக்குப் பணம் செலவழிக்கத் தேவையில்லை. பெரிய பம்பி என்றால் பெரிய சத்தம், கூடிய சூடு, கூடிய மின்கட்டணம். 30 வாற்றுப் பம்பி ஒன்று இரவு பகலாக 30 நாள் ஓடினால் 21.6 அலகு மின்சாரம் செலவாகும். 60 வாற்று என்றால் அது இரட்டிக்கும்.

எவ்வளவு ஓடுகின்றது என்பதை அறிய மானி வேண்டாம். மீள்குழாயின் வாயைத் தொட்டியின் நீர்மட்ட உயரத்தில் 10 லீற்றர் வாளி ஒன்றுக்குள் பிடியுங்கள். 36 செக்கனில் வாளி நிறைந்தால் மணிக்கு 1000 லீற்றர். ஒரு நிமிடம் எடுத்தால் 600 லீற்றர்.

மேலே வந்த தண்ணீர் எந்தப் பக்கமாகப் பாய்கின்றது என்பதும் முக்கியம். பாத்தியின் ஒரு மூலைக்குத் தண்ணீர் எட்டாவிட்டால் அங்குள்ள பயிர் வாடும். தொட்டியில் தண்ணீர் எட்டாத மூலையிற் கழிவு தங்கி அழுகும். மீள்குழாயின் முடிவில் ஒரு ‘ரீ’ போட்டு இரண்டு வாயாகப் பிரித்து, ஒன்றை மேற்பரப்பு அசையும்படியும் மற்றதை எதிர்மூலையை நோக்கியும் திருப்பிவிடுங்கள். வழியும் விளிம்புக்கு அருகில் மீள்குழாயின் வாயை வைக்கக்கூடாது. அப்படி வைத்தால், சுத்தமாகி வந்த தண்ணீரே உடனே திரும்ப வழிந்து போய்விடும்.

உயரமும் குழாயின் அகலமும்

பம்பியின் பெட்டியில் ‘மணிக்கு 2000 லீற்றர்’ என்று அச்சிடப்பட்டிருக்கும். அது தண்ணீரைச் சற்றும் உயர்த்தாமல் கிடைக்கும் அளவு. ‘உச்ச உயரம் 3 மீற்றர்’ என்றும் போட்டிருக்கும். அது தண்ணீர் ஏறி நின்று, ஒரு சொட்டும் வெளியே வராத உயரம். இவ்விரண்டுக்கும் இடையிலேதான் எமது வேலை இருக்கின்றது. கிணற்றில் தண்ணீர் இறங்க இறங்க இறைப்பு மெசின் தள்ளும் தண்ணீர் குறைவதைத் தோட்டம் செய்தவர் எல்லோரும் கண்டிருக்கிறார்கள். இதுவும் அதுதான். இப்படியான பம்பி 1.5 மீற்றர் உயரத்தில் அதன் பெட்டியில் உள்ளதில் ஏறத்தாழ பாதியைத் தரும் என்று வைத்துக்கொள்வது பாதுகாப்பானது. பெட்டியிலோ துண்டிலோ உயரத்துக்கும் நீரளவுக்குமான கோடு வரையப்பட்டிருந்தால் அதைப் பார்த்தே வாங்குங்கள்.

உயரத்தை நிலத்திலிருந்து அளக்கவேண்டாம். கீழ்த்தொட்டியின் நீர்மட்டத்திலிருந்து மேல்தொட்டியின் நீர்மட்டம் வரை அளவுங்கள். எமது உதாரணத்தில் மேசை 80 சென்ரிமீற்றர் உயரம், அதன் மேல் நீர்மட்டம் 45, கூட்டினால் 125. கீழ்த்தொட்டியிற் பம்பி இருக்கும் அறையின் நீர்மட்டம் 20. வித்தியாசம் 105 சென்ரிமீற்றர். குழாய் தொட்டியின் விளிம்பைத் தாண்டி ஏறி இறங்குவதையும், குழாய்க்குள் ஏற்படும் உராய்வையும் சேர்த்து 1.5 மீற்றர் என்று கணக்குப் போடுவோம்.

உராய்வைச் சிறியதென்று எண்ணவேண்டாம். உள்விட்டம் அரை அங்குலமான 2 மீற்றர் குழாய்க்குள் மணிக்கு 1000 லீற்றரைத் தள்ளினால், உராய்வினால் இழக்கப்படுவது ஏறத்தாழ 1 மீற்றர் உயரத்துக்குச் சமம். அதாவது, தொட்டியை இன்னும் ஒரு மீற்றர் மேலே தூக்கி வைத்தது போன்றது. அதே தண்ணீரை ஒரு அங்குலக் குழாய்க்குள் விட்டால், இழப்பு 4 சென்ரிமீற்றர் அளவே. விட்டம் இரண்டு மடங்கானால் உராய்வு ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்காகிவிடுகின்றது. பம்பியின் வாய் சிறிதாக இருந்தாலும், அங்கிருந்து ஒரு சொக்கற் போட்டு உடனே ஒரு அங்குலக் குழாய்க்கு மாறிவிடுவது மலிவான வழி.

செங்குத்தாகத் திரும்பும் எல்போ ஒவ்வொன்றும், குழாயின் விட்டத்தைப் போல ஏறத்தாழ 30 மடங்கு நீளமுள்ள நேர்க்குழாய்க்குச் சமமான தடையைத் தரும். ஒரு அங்குலக் குழாயில் அது 75 சென்ரிமீற்றர். ஆகவே தேவையற்ற வளைவுகளை விடுங்கள். தண்ணீரின் வேகத்தைக் குறைக்க வேண்டுமென்றால் வால்வைப் பம்பியிலிருந்து வெளியேறும் பக்கத்திற் போடுங்கள். பம்பி உறிஞ்சும் பக்கத்தை ஒருபோதும் நெரிக்கக்கூடாது, பம்பி கெட்டுவிடும். பம்பிக்கு அருகில் ஒரு யூனியன் இருந்தால், குழாயை வெட்டாமலே பம்பியைக் கழற்றிச் சுத்தம் செய்யலாம்.

மின்சாரம் நின்றதும் நடப்பது

பரலிலிருந்து மண்ணெண்ணெய் எடுக்க றப்பர்க் குழாயை விட்டு வாயால் இழுத்திருப்பீர்கள். ஒருமுறை இழுத்துவிட்டால், பிறகு யாரும் இழுக்காமலே எண்ணெய் வந்துகொண்டிருக்கும். குழாயின் மேல்வாய்க்குக் காற்றுப் பட்டால்தான் நிற்கும். இதைச் சைபன் என்கிறோம். மீள்குழாயில் நடப்பதும் இதுவே. பம்பி நின்றதும், மேலே தண்ணீருக்குள் அமிழ்ந்திருக்கும் குழாயின் வாய் தண்ணீரைப் பின்னோக்கி இழுக்கத் தொடங்கும். நீர்மட்டம் அந்த வாய்க்குக் கீழே இறங்கி, வாய்க்குள் காற்றுப் புகும்வரை அது நிற்காது.

இப்போது கணக்கைப் பார்ப்போம். எமது கீழ்த்தொட்டியின் நீளம் 90, அகலம் 35, உயரம் 40 சென்ரிமீற்றர் என்று கொள்வோம். அதிலே 1 சென்ரிமீற்றர் தண்ணீர் 3.15 லீற்றர். கடைசி 30 சென்ரிமீற்றர் நீளத்தைத் தடுப்புப் போட்டுப் பம்பியின் அறையாக்கியுள்ளோம். தடுப்பின் உயரம் 25. மற்ற அறைகளில் தண்ணீர் அந்த உயரத்தில் நிற்கும். பம்பி அறையில் 20 இல் நிற்கும். இந்நிலையில் கீழ்த்தொட்டி இன்னும் தாங்கக்கூடியது ஏறத்தாழ 52 லீற்றர்.

மீள்குழாயின் வாய் நீர்மட்டத்துக்கு 3 சென்ரிமீற்றர் கீழே இருந்தால், மின்சாரம் நின்றதும் கீழே வருவது 3 தரம் 5.4, அதாவது 16 லீற்றர். வழியும் அறையிலும் குழாய்களிலும் உள்ள 5 லீற்றரைக் கூட்டினால் 21 லீற்றர். கீழ்த்தொட்டி தாங்கும். வீட்டில் ஒருவரும் எழும்பவேண்டியதில்லை.

அதே வாயை, ‘அடியிலும் தண்ணீர் அசையட்டும்’ என்று 20 சென்ரிமீற்றர் ஆழத்தில் வைத்தால்? 20 தரம் 5.4 என்பது 108 லீற்றர். கூட 5 லீற்றர். கீழ்த்தொட்டி தாங்குவது 52 மட்டுமே. மிச்சம் 61 லீற்றர், அதாவது ஆறு வாளி உப்புத்தண்ணீர், நிலத்தில் ஓடும். பாயும் துணியும் நனையும். மேலே மீன்கள் பாதித் தண்ணீரில் நிற்கும். மின்சாரம் திரும்பி வரும்போது நிரப்புவதற்குத் தண்ணீரும் இராது. குழாய் ஒன்றே, பம்பி ஒன்றே, தொட்டி ஒன்றே. வாய் இருந்த உயரம் மட்டுமே வேறு.

சிலர் குழாயில், நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே, சிறு துளை ஒன்று போடுவார்கள். நீர்மட்டம் துளைக்குக் கீழே இறங்கியதும் காற்றுப் புகுந்து சைபன் அறும். இது நல்ல முறை. ஆனால் அத்துளையைப் பாசியும் உப்பும் அடைக்கும். வாரம் ஒருமுறை குத்திச் சுத்தம் செய்யவேண்டும். இன்னும் சிலர், தண்ணீரை ஒரு பக்கம் மட்டும் விடும் வால்வைப் போடுவார்கள். அதற்குள் ஒரு சிறு நத்தையோ சுண்ணாம்புப் படிவோ சிக்கினாலும் அது மூடாது. துளையும் வால்வும் இருந்தாலும், அவை இல்லை என்று எண்ணியே கணக்கைப் போடுங்கள். நம்பவேண்டியது வாயின் உயரத்தையும் கீழ்த்தொட்டியின் வெற்றிடத்தையும் மட்டுமே.

வடிகுழாய் அடைபட்டால்

இதற்கு மாறான ஆபத்தும் உண்டு. பம்பி ஓடிக்கொண்டிருக்கும்போது வடிகுழாயிற் பாசியோ செத்த மீனோ சிக்கினால், தண்ணீர் கீழே வராது. பம்பி தள்ளிக்கொண்டே இருக்கும். வான் அடைபட்ட குளம் அணையை உடைக்கும். இங்கே தொட்டி உடையாவிட்டாலும் மேல்விளிம்பால் வழியும்.

எமது மேல்தொட்டியில் நீர்மட்டத்துக்கு மேலே 5 சென்ரிமீற்றர் வெற்றிடம் உண்டு. அது 27 லீற்றர் தாங்கும். பம்பி அறையின் நீளம் 30, அகலம் 35. பம்பி உறிஞ்சும் இடத்துக்கு மேலே 15 சென்ரிமீற்றர் தண்ணீர். அது 16 லீற்றருக்கும் குறைவு. வடிகுழாய் முற்றாக அடைபட்டாலும் பம்பி மேலே அனுப்பக்கூடியது அவ்வளவே. மேல்தொட்டியில் 3 சென்ரிமீற்றர் ஏறி நிற்கும், வெளியே வழியாது. தண்ணீரில்லாமல் பம்பி இரையும் சத்தம் உங்களை எழுப்பும்.

தடுப்பே போடாமல் கீழ்த்தொட்டி முழுவதையும் ஒரே அறையாக விட்டிருந்தால், பம்பி 60 லீற்றருக்கு மேல் அனுப்பிவிடும். 27 போக மீதி வீட்டுக்குள்தான். ஒரு கண்ணாடித் தடுப்பு இவ்வளவு காரியம் செய்கின்றது.

வடிகுழாய் மீள்குழாயைவிடச் சிறிதாக இருக்கவே கூடாது. பெரிதாக இருப்பது நல்லது. மேலே தள்ளுவதற்கு இயந்திரம் உண்டு. கீழே விழுவதற்குப் புவியீர்ப்பு மட்டுமே உண்டு. எமது அளவுக்கு ஒன்றேகால் அல்லது ஒன்றரை அங்குலம் போதும். அதற்குப் பக்கத்தில், சற்று உயரமாக, இரண்டாவது குழாய் ஒன்றையும் வையுங்கள். சாதாரண நாளில் அதற்குள் ஒரு சொட்டும் போகக்கூடாது. முதற்குழாய் அடைபட்டால் தண்ணீர் ஏறி அதற்குள் விழும். அந்தச் சத்தமே எச்சரிக்கை. வடிகுழாயின் தலையில் ‘ரீ’ போட்டு, மேல்மூடியில் சிறு துளை விட்டால், காற்று உள்ளே போய்க் களகளவென்ற இரைச்சல் குறையும்.

கண்ணாடியில் துளை போடாமல், வளைந்த குழாயால் விளிம்புக்கு மேலாகத் தண்ணீரை இழுக்கும் பெட்டிகளும் கிடைக்கின்றன. அவை சைபனை நம்பி இயங்குபவை. சைபன் அறுந்தாற் பம்பி ஓடிக்கொண்டேயிருக்கும், மேலே வழியும். முடிந்தவரை துளையிட்ட தொட்டியையே பயன்படுத்துங்கள். பதப்படுத்திய கண்ணாடியில் துளையிட முயன்றால் அது முழுவதும் நொறுங்கிப்போகும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஆவியாகும் தண்ணீர்

இவ்வமைப்பில் தண்ணீர் ஆவியாவதை மேல்தொட்டியிற் காணமுடியாது. அங்கே எப்போதும் விளிம்பு மட்டத்திலேயே நிற்கும். குறைவு முழுவதும் பம்பி அறையிலேயே தெரியும். எமது உதாரணத்தில் 1 லீற்றர் ஆவியானால் அங்கே ஏறத்தாழ 1 சென்ரிமீற்றர் இறங்கும். கவனியாமல் விட்டால் பம்பி காற்றை உறிஞ்சும்.

ஆவியாவது தண்ணீர் மட்டுமே. உப்பு அங்கேயே இருக்கும். உப்பளத்தில் நடப்பதும் இதுதானே. கடல்நீரில் லீற்றருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு உண்டு. தொட்டிகளிலுள்ள 300 லீற்றரில் 30 லீற்றர் ஆவியானால் அது 39 கிராம் அளவுக்கு ஏறிவிடும். ஆகவே குறைந்ததை நிரப்பக் கடல்நீர் ஊற்றக்கூடாது. சுத்தமான நன்னீரையே ஊற்றவேண்டும். பம்பி அறையின் கண்ணாடியில் 20 சென்ரிமீற்றரில் ஒரு கோடு கீறி, நாள்தோறும் அந்தக் கோடுவரை நிரப்புங்கள். கோட்டுக்கு மேலே நிரப்பவேண்டாம். மேலே சொன்ன கணக்கெல்லாம் அந்தக் கோட்டை வைத்தே போடப்பட்டது.

எவற்றாற் செய்வது?

பீ.வீ.சீ. குழாயும் அதற்குரிய பசையும் போதும். ஒட்டியபின் நன்றாகக் காயவிட்டு, கழுவியே பயன்படுத்த வேண்டும். செப்பு, பித்தளை, நாகம் பூசிய இரும்பு ஆகியவற்றைத் தண்ணீர் படும் இடத்திற் பாவிக்கவேண்டாம். உப்புத்தண்ணீர் அவற்றை அரிக்கும். கரைந்து வரும் செப்பு இறால், நத்தை போன்றவற்றுக்கு நஞ்சு.

கண்ணாடிதான் வேண்டும் என்பதில்லை. சீமெந்துத் தொட்டியிலும் பிளாஸ்ரிக் பரலிலும் இதே கணக்கு நிற்கும். புதிய சீமெந்திற் பலமுறை தண்ணீர் விட்டு ஊறவைத்து, மாற்றி மாற்றி ஊற்றிக் காரம் போகச் செய்யவேண்டும். பரலானால், உணவுப்பொருள் வந்த பரலாக இருக்கவேண்டும். கிருமிநாசினியோ களைநாசினியோ வந்த கொள்கலனை எத்தனை தரம் கழுவினாலும் மீனுக்குப் பாவிக்கவேண்டாம். வீட்டுத் தேவைக்கும் வேண்டாம்.

கீழ்த்தொட்டியின் நடு அறையில் கடற்பஞ்சு போன்ற நுரைத்துண்டுகளையோ சிப்பி ஓட்டுத் துண்டுகளையோ போட்டால், அவற்றிற் பற்றீரியாக்கள் குடியேறும். மீனின் கழிவிலுள்ள அமோனியாவை நைத்திரைற்றாகவும், பின் நைத்திரேற்றாகவும் மாற்றுபவை அவையே. அவை பெருக ஏறத்தாழ 4 முதல் 6 வாரம் செல்லும். அதற்கு முன்னர் நிறைய மீனை விடுவது விதையாத வயலில் அரிவாளுடன் நிற்பதற்குச் சமம்.

உப்புத்தண்ணீரும் மின்சாரமும்

உப்புத்தண்ணீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். மீனை இழந்தால் மறுபடி வாங்கலாம். ஆகவே இவற்றிற் குறை வைக்கவேண்டாம்: வீட்டு மின்னிணைப்பில் 30 மில்லியம்பியர் கசிவிலேயே துண்டிக்கும் ட்ரிப் சுவிட்ச் இருக்கவேண்டும். பிளக் பொருத்தும் இடம் தொட்டிக்குக் கீழே இருக்கக்கூடாது. வயர் பிளக்குக்குப் போகுமுன் ஒருமுறை கீழே தொங்கி மேலே ஏறவேண்டும்; அப்போது வயர் வழியே வரும் தண்ணீர் பிளக்குக்குள் போகாமல் நிலத்திற் சொட்டும். தண்ணீருக்குள் கை வைக்குமுன் பிளக்கைக் கழற்றுங்கள். பிள்ளைகளுக்கும் இதைப் பழக்குங்கள்.

மின்சாரம் நீண்டநேரம் இல்லாமற் போவது எமக்குப் புதிதல்ல. 2022 மார்ச் மாத இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்தது. 2025 பெப்ரவரி 9 ஆம் திகதி, பாணந்துறை உபமின் நிலையத்தில் ஏற்பட்ட கோளாறினால், முன்னறிவித்தல் ஏதுமின்றி நாடு முழுவதும் இருண்டது. நீர்மட்டக் கணக்கு சரியாக இருந்தால் தண்ணீர் சிந்தாது. ஆனால் மீனுக்கு மூச்சு வேண்டும். பற்றரியில் ஓடும் சிறு காற்றுப்பம்பி ஒன்றை வைத்திருப்பது பெரிய உதவி. அதுவும் இல்லாவிட்டால், ஒரு கோப்பையால் தொட்டித் தண்ணீரை அள்ளி, ஒரு முழ உயரத்திலிருந்து அதற்குள்ளேயே ஊற்றிக்கொண்டிருங்கள். தண்ணீர் விழும்போது காற்றும் கரையும். அந்நேரத்திற் தீனி போடவேண்டாம். தொட்டியில் மீன் குறைவாக இருந்தாற் தாங்கும் நேரமும் கூடும். பேராசைப்பட்டு நெருக்கி வைத்த தொட்டிதான் முதலில் விழும்.

மீன் விடுமுன் சோதனை

எல்லாவற்றையும் பொருத்தியபின், முதலில் நன்னீரை நிரப்பிப் பரீட்சித்துப் பாருங்கள். சிந்தினால் நட்டமில்லை.

1. பம்பியை ஓடவிட்டு, நீர்மட்டங்கள் நிலைத்தபின் இரு தொட்டிகளிலும் கோடு கீறுங்கள்.

2. பிளக்கைக் கழற்றுங்கள். தண்ணீர் இறங்கி நிற்கும்வரை பாருங்கள். கீழ்த்தொட்டி எந்த உயரம்வரை ஏறியது என்று இன்னொரு கோடு கீறுங்கள். விளிம்புக்கு 5 சென்ரிமீற்றராவது மிச்சம் இருக்கவேண்டும்.

3. மீள்குழாயில் காற்றுத்துளை இருந்தால் அதை விரலால் அடைத்துக்கொண்டு இதையே மறுபடி செய்யுங்கள்.

4. பம்பியை ஓடவிட்டு முதல் வடிகுழாயைத் துணியால் அடையுங்கள். இரண்டாவது குழாய் தண்ணீரைத் தாங்குகின்றதா என்று பாருங்கள். பின் இரண்டையும் அடைத்துப் பாருங்கள். பம்பி அறை வற்றியவுடன் பம்பியை நிறுத்திவிடுங்கள். வறண்டு ஓடினாற் பம்பி எரிந்துவிடும்.

5. ஒரு நாள் முழுவதும் ஓடவிட்டு, ஒவ்வொரு மூட்டையும் உலர்ந்த கடதாசியால் தொட்டுப் பாருங்கள். ஈரம் இருந்தால் மூட்டை மாற்றுங்கள்.

இவ்வளவும் சரியாக இருந்தால் மட்டும் கடல்நீரை விடுங்கள்.

முதலில் ஒரு தொட்டி

அயலிலுள்ள நாலைந்து குடும்பங்கள் சேர்ந்து முதலில் ஒரேயொரு தொட்டியை அமைத்து, ஒரு மழைக்காலமும் ஒரு வெயிற்காலமும் நடத்திப் பார்ப்பது புத்தி. யார் எந்நேரம் தண்ணீர் நிரப்புவது, மின்சாரம் போனால் யார் பார்ப்பது என்பதை முறைவைத்துப் பிரித்துக்கொள்ளலாம்; கூட்டுக்கிணற்றில் இறைப்புமுறை வைத்துக்கொண்டவர்களுக்கு இது சொல்லித் தரவேண்டியதல்ல. மீன் வாங்குபவர் யார், என்ன விலை தருவார் என்பதைத் தொட்டி கட்டுமுன்னரே நேரிற் சென்று அறிந்துகொள்ளுங்கள். அதன்பின் கடன் எடுப்பதா இல்லையா என்று தீர்மானிக்கலாம்.

கடை எதுவானாலும் பம்பியைப் பற்றிப் பெருமையாகச் சொல்வார்கள். கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் அளவுநாடாவையும் பென்சிலையும் எடுத்து, மேலே எத்தனை லீற்றர், கீழே எத்தனை லீற்றர், வாய் எந்த உயரம் என்று முதலில் நீங்களே எழுதிப் பாருங்கள். பம்பி வாங்குவது அதற்குப் பின்.